ஆர்டித்தின் லாரி கிளம்பாத வியாழக்கிழமை

பட்டாணியை ஏற்றுவதற்கு முன்னால் என்ஜினை ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். அன்றைக்கு இதை ஆர்டித் க்வாமேயிடம் மூன்று பேர் சொன்னார்கள். நான்காவதாக நானும் வாயெடுத்தேன். அந்த அம்மாள் திரும்பிப் பார்த்த பார்வையில் அப்படியே மூடிக்கொண்டேன்.

லாரி நவம்பரிலிருந்து தகரக் குதிரின் அடியில் நின்றிருந்தது. புதன்கிழமை மத்தியானம் குதிரின் வாயைத் திறந்து, விதைப் பட்டாணி எட்டு டன்னையும் அதன் முதுகில் இறக்கிவிட்டார். போன வருடமும் அப்படித்தான் செய்தார். போன வருடம் சாவியைத் திருப்பியதும் கிளம்பிவிட்டது. அந்த ஒரு தடவை அதிர்ஷ்டம் பழக்கமாகிவிட்டது. வியாழன் காலை எட்டரைக்குச் சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாக அடித்தது, என்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை.

ஆர்டித்துக்கு அறுபத்து மூன்று வயது. அதே பண்ணை வீட்டில் பிறந்தவர். இருபத்திரண்டு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டினார். மைனஸ் நாற்பதிலும் ஒரு நாள்கூடத் தன் பேருந்து கிளம்பாமல் பிள்ளைகள் வாசலில் நின்றதில்லை என்பது அவருடைய ஒரே தற்பெருமை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "ஒருத்தன் கேட்டான். பன்னி வளக்கிறவன். எனக்கு அந்த வாடை ஒத்துக்கலை," என்பதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். அவர் பண்ணை முற்றத்தின் மறுகோடியில் இருக்கும் சின்ன வீட்டில் பதினோரு வருடமாகக் குடியிருக்கிறேன். பள்ளியில் கணக்கு சொல்லித் தருகிறேன். அது விடுமுறை வாரம்.

"தம்பி, சும்மாத்தானே இருக்கீங்க? வந்து சாவியைத் திருப்புங்க. நான் புகையைப் பாக்கணும்."

நான் ஏறி உட்கார்ந்தேன். பழைய டீசல் வண்டியில் புகைதான் வாய்ப்பேச்சு என்பார் ஆர்டித். வெள்ளையாக வந்தால் டீசல் போகிறது, சூடு போதவில்லை. கறுப்பாக வந்தால் காற்று போதவில்லை. ஒன்றுமே வராவிட்டால் டீசலே போகவில்லை. அறுவை செய்த முழங்காலோடு அவர் முன் பம்பரில் ஏறி நின்று, லாரியின் கூரைக்கு மேலே நிமிர்ந்து நிற்கும் சைலன்சர் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"திருப்புங்க!"

இருபது நொடி அடித்தேன்.

"போதும், போதும்! செல்ஃபை எரிச்சிடாதீங்க. ரெண்டு நிமிஷம் விட்டு மறுபடி."

மறுபடி அடித்தேன். மறுபடி. புகை இல்லை. ஏதோ குறைகிற மாதிரி எனக்கு இருந்தது. என்ன என்று தெரியவில்லை. நான்தான் சாவியைத் தப்பாகத் திருப்புகிறேனோ என்று வியர்த்தது. வெளியே மைனஸ் ஒன்பது.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. விதையைச் சுத்தம் செய்கிற ஆலை முப்பத்து நான்கு கிலோமீட்டர் தள்ளி, ஊருக்குள் இருக்கிறது. அவருக்குக் கிடைத்த முறை வியாழன் இரண்டு மணி. அதை விட்டால் அடுத்த இடம் மே மாதக் கடைசியில். பட்டாணி அதற்குள் முளைத்து நிற்க வேண்டும். மறுநாள் காலையிலிருந்து பனி இளகும் காலத்துப் பாரத் தடையும் வருகிறது. சாலை இளகிக் கிடக்கும் வரைக்கும் நிறைந்த லாரி எதுவும் அதில் போகக் கூடாது.

இன்னொரு காரணம், போன கிறிஸ்துமஸ் விருந்தில் அவர் வாயிலிருந்து வந்தது. அப்பா நிலத்தைச் சரிபாதியாகப் பிரித்து ஆர்டித்துக்கும் தம்பி டெல்பர்ட்டுக்கும் முந்நூற்று இருபது ஏக்கர் வீதம் கொடுத்தார். போன வருடம் முழங்கால் அறுவையின்போது அக்காவின் அறுவடையை டெல்பர்ட்தான் முடித்துக் கொடுத்தார். அதிலிருந்து, "எதுக்குக்கா கஷ்டப்படறே, எனக்குக் குத்தகைக்கு விட்டுடேன்," என்று நச்சரிப்பு. வான்கோழியை வெட்டிக்கொண்டிருந்தபோது ஆர்டித்துக்குப் பொறுக்கவில்லை.

"இந்த வருஷம் நானே வெதைக்கிறேன்டா. உன் கையை எதிர்பாக்காம என்னால வெதைக்க முடியலேன்னா, பத்து வருஷத்துக்கு உனக்கே எழுதிக் குடுத்துடறேன். போதுமா?"

டெல்பர்ட் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல?"

எல்லோரும் கேட்டுக்கொண்டோம்.

ஒன்பதரைக்கு ஆர்டித் ஆலைக்குத் தொலைபேசினார். அங்கே நேரம் ஒதுக்குவது பெவ் என்கிற அம்மாள்.

"வண்டி மக்கர் பண்ணுது பெவ். கொஞ்சம் தாமதமாகலாம்."

"ஏத்தறதுக்கு முன்னாடி ஓட்டிப் பாக்கலையா?"

"இல்லை."

"நாலு மணி வரைக்கும் எடத்தைப் பிடிச்சு வெக்கறேன் ஆர்டித். அதுக்கு மேல முடியாது. வெளியே ஆறு வண்டி காத்துக்கிட்டிருக்கு, எல்லாருக்கும் நாளைக்குத் தடைதான்."

அவர் போனை வைப்பதற்குள் எமிலின் வண்டி முற்றத்துக்குள் வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் பானெட்டைத் திறந்து வைத்தால் அது அழைப்பிதழ் மாதிரி. சாலையில் போகிறவர் யாராக இருந்தாலும் திரும்பி உள்ளே வருவார். எமிலுக்கு எழுபத்து நான்கு வயது. ஒரு மைல் தள்ளிப் பக்கத்துப் பண்ணை. முப்பது வருடம் கூட்டுறவுப் பட்டறையில் மெக்கானிக். கேட்காமலே உதவுகிற மனுஷர். பனி கொட்டினால் விடிவதற்குள் நம் வாசல் பனியைத் தள்ளிவிட்டுப் போயிருப்பார், சொல்லக்கூட மாட்டார்.

"என்னம்மா ஆர்டித், படுத்துட்டானா?"

"சுத்துறான், பிடிக்க மாட்டேங்கிறான். புகையே இல்லை."

"ஏத்தறதுக்கு முன்னாடி ஓட்டிப் பாத்திருக்கணும்." இரண்டாவது ஆள். "புகை இல்லேன்னா டீசல்தான். குளுருல மெழுகு கட்டியிருக்கும். கெட்டிலைக் கொண்டா."

"நான் அக்டோபர்லயே குளிர்கால டீசல் போட்டுட்டேன் எமில்."

"போட்டிருப்பே. அது எந்தத் தொட்டியில வந்ததோ, யாருக்குத் தெரியும்?"

உதவ வந்தவர் ஒன்று சொன்னால் அதைச் செய்து பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் அவரை அவமதித்த மாதிரி. ஆகவே கெட்டில் வந்தது. ஐந்து நடை வெந்நீர் கொண்டுவந்து டீசல் ஃபில்டரின் மேல் ஊற்றினேன். அது ஆறும் வரை காபி. காபியோடு பேரீச்சம்பழ கேக். ஆர்டித் தன் துண்டை நின்றுகொண்டே இரண்டு வாயில் விழுங்கினார். எமில் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிட்டுத் தின்றார்.

"இதுல வால்நட் போட்டியா?"

"போட்டேன் எமில். போகலாமா?"

செல்ஃப் அடித்தேன். ஒன்றுமில்லை.

ஃபில்டரையே மாற்றினார்கள். பழையதை அறுத்துப் பார்த்தால் துளி மெழுகு இல்லை. "அப்ப ஏர் லாக்," என்றார் எமில். கை பம்பை அமுக்கி, குழாய்களின் நட்டைத் தளர்த்தி, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றினார்கள். ஒவ்வொரு நட்டிலும் நுரை போய்ச் சுத்தமான டீசல் வந்தது. கடைசியில் இன்ஜெக்டர் வரைக்கும். நான் செல்ஃப் அடிக்க அடிக்க ஆறு இன்ஜெக்டர் வாயிலும் டீசல் துள்ளியது. ஆர்டித்தின் கோட்டு முழுக்க நாற்றம்.

"டீசல் போகுது," என்றார் ஆர்டித். "கண்ணால பாத்தாச்சு. போற டீசல் எங்க போகுது? வெள்ளைப் புகையாவது வரணுமில்ல?"

எமில் தலையைச் சொறிந்தார். "பிரஷர் பத்தலையோ என்னமோ."

"எலியா இருக்குமா?" என்று நான் கேட்டேன். அந்த வட்டாரத்தில் எந்தக் கோளாறுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். குளிர்காலத்தில் நிறுத்திய வண்டியில் இருக்கும் ஓட்டை எல்லாம் எலிக்கு வீடு.

"எலி போற ஓட்டையில நான் இரும்பு நார் வெச்சுட்டுத்தானே நிறுத்துவேன். மூணு வெச்சேன், காலையில மூணையும் எடுத்துட்டேன்." டிரைவர் இருக்கைக்குக் கீழே வரிசையாகக் கிடந்த மூன்று உருண்டைகளைக் காட்டினார். இருந்தாலும் ஏர் ஃபில்டரின் மூடியைக் கழற்றிக் காட்டினார். செப்டம்பரில் போட்ட ஃபில்டர், பளிச்சென்று இருந்தது. எலிப் புழுக்கை ஒன்றுகூட இல்லை. தூசி போய்விடுமே என்று உடனே மூடி இறுக்கிவிட்டார். அது திறந்திருந்த அரை நிமிடத்தில் நான் சாவியைத் திருப்பியிருந்தால் போதும். அன்றைய பொழுது அத்தனையும் மிச்சமாகியிருக்கும். யாருக்குத் தோன்றியது?

பன்னிரண்டானது. பன்னிரண்டுக்கு உதவ வந்தவருக்குச் சாப்பாடு போட்டாக வேண்டும். முட்டை சாண்ட்விச், ஊறுகாய் வெள்ளரி, முந்தின நாள் சூப். ஆர்டித் கடிகாரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். எமில் இரண்டாவது கிண்ணம் சூப் கேட்டார். மேசைக்கடியில் ஆர்டித்தின் நல்ல கால் ஆடிக்கொண்டே இருந்தது.

பேட்டரிகள் சோர்ந்துவிட்டன. சார்ஜரை மாட்டிவிட்டு, செல்ஃபைக் கழற்றலாமா, டீசல் பம்பைக் கழற்றலாமா என்று எமில் யோசித்துக்கொண்டிருந்தபோது டெல்பர்ட் வந்தார். மணி இரண்டே கால். ஆர்டித்துக்கு ஒதுக்கிய நேரம் அந்த முற்றத்தில் நிற்கும்போதே கடந்துபோயிருந்தது.

டெல்பர்ட் இறங்கி, பானெட்டைப் பார்த்தார், பட்டாணியைப் பார்த்தார். சிரிக்கவில்லை, அதுவே சிரிப்பைவிட மோசமாக இருந்தது.

"ஏத்தறதுக்கு முன்னாடி..."

"சொன்னே, பல்லைத் தட்டிடுவேன்."

"சரி, சொல்லலை. என் பெரிய லாரி சும்மாத்தான் நிக்குது. இதை அங்க மாத்தி ஏத்தினா..."

"மூணு மணி நேரமாகும்."

"ஆகும்." டெல்பர்ட் கையுறையைக் கழற்றினார். "அக்கா, நான் சந்தோஷப்படறேன்னு நினைக்காதே. ஆனா விருந்துல நீதான் சொன்னே. விதை போகலேன்னா விதைப்பு இல்லை."

"இன்னும் நாலு ஆகலைடா."

"ஈத்தர் அடிச்சுப் பாத்தியா?"

இந்தக் கேள்விக்காகத்தான் காலையிலிருந்து நான் பயந்துகொண்டிருந்தேன். கிளம்பாத என்ஜினின் காற்றுக் குழாயில் அடித்தால் சட்டென்று பற்றிக்கொள்ளும் அந்த ஈத்தர் டப்பாவை ஆர்டித் தன் முற்றத்துக்குள் விடுவதில்லை. அப்பாவின் டிராக்டரை, பதினேழு வயதில் டெல்பர்ட் ஈத்தர் அடித்து அடித்துக் கிளப்பிப் பிஸ்டனை உடைத்த கதையை, நான் வந்த முதல் குளிர்காலத்திலேயே கேட்டுவிட்டேன்.

"அந்த விஷத்தை என் என்ஜினுக்குக் குடுக்க மாட்டேன்."

"அப்ப நாலு மணி வரைக்கும் காபி குடிப்போம்."

எமில் தன் பூட்ஸைப் பார்த்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஆர்டித் பம்பரில் உட்கார்ந்துவிட்டார். டீசல் ஊறிய கையுறை, முழங்கை வரைக்கும் கறுப்பு. அன்றைக்கு முதல் தடவையாக அறுபத்து மூன்று வயதுக்காரியாகத் தெரிந்தார்.

"அடி," என்றார். "ஒரே ஒரு தடவை. துளி."

டெல்பர்ட் தன் வண்டியிலிருந்து டப்பாவை எடுத்து வந்தார். பானெட்டின் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு நிற்கும் காற்றுக் குழாயின் தொப்பிக்குக் கீழே டப்பாவின் மூக்கை நுழைத்து ஒரு தடவை பீய்ச்சினார். நான் செல்ஃப் அடித்தேன். என்ஜின் சுற்றியது. ஒன்றுமில்லை.

"இன்னொண்ணு," என்றார் டெல்பர்ட். ஆர்டித் தடுப்பதற்குள் அடித்துவிட்டார். ஒன்றுமில்லை. "என்னடா இது! இதுக்குக்கூட ஒரு இருமல் வரலை!"

ஆர்டித் எழுந்தார்.

"நிறுத்து. யாரும் பேசாதீங்க." காதைக் கொடுத்துக் கேட்கிற மாதிரி நின்றார். "தம்பி, அஞ்சு நொடி மட்டும் அடிங்க."

அடித்தேன்.

"மூடி எங்க?"

"எந்த மூடி?"

"சைலன்சர் மேல இருக்கற தகர மூடி! செல்ஃப் அடிச்சா டக்டக்டக்னு ஆடணுமே. காலையிலேர்ந்து அது வாயே திறக்கலை. எனக்கு உறைக்கவே இல்லையே!"

எனக்குக் குறைந்த சத்தம் அதுதான். பதினோரு வருடமாக அதிகாலையில் என் தூக்கத்தைக் கெடுத்த சத்தம். அது இல்லாதபோது அடையாளம் தெரியவில்லை.

"வெளியே மூச்சு வரலேன்னா உள்ளே மூச்சு போகலை," என்றார் ஆர்டித். "டீசல் எல்லாம் சரிதான். காத்து இல்லை. காத்தே இல்லாத எடத்துல ஈத்தர் என்ன பண்ணும்?"

"ஏர் ஃபில்டரைப் பாத்தோமே," என்றார் எமில்.

"ஃபில்டருக்கு முன்னாடி ஒரு குழாய் இருக்கில்ல."

முழங்காலை மறந்து பம்பரில் ஏறினார். தொப்பியின் நட்டு துருப்பிடித்திருந்தது. சுத்தியலால் இரண்டு தட்டு. தொப்பி வந்தது. கையை உள்ளே விட்டார். தோள் வரைக்கும் போயிற்று. முகம் கோணியது. இழுத்தார். கிழிந்த ஜீன்ஸ் துணி திணித்து இறுக முடிந்த ஒரு ரொட்டிப் பை, ஈத்தர் வாடையோடு, தக்கை மாதிரி வெளியே வந்தது.

பையில் ரை தானியத்தில் சுட்ட கறுப்பு ரொட்டியின் படம். ஆர்டித் வெள்ளை ரொட்டி தவிர வேறு தொட மாட்டார். டெல்பர்ட்டுக்கு முழுக்கோதுமை ரொட்டி. அந்தச் சாலையில் ரை ரொட்டி தின்கிறவர் ஒருவர்தான். எமிலின் காது மடல் சிவந்துகொண்டு வந்தது.

"நவம்பர்ல..." என்றார் எமில். "நீ கம்பை ஊணிக்கிட்டு நடந்துக்கிட்டிருந்தே. இவ்வளவு மேல ஏறியிருக்க மாட்டியேன்னு... அந்தத் தொப்பியோட வலை வேற கிழிஞ்சு கிடந்தது. எலி போயிடுமேன்னு. பனி தள்ள வந்தப்ப. சொல்லணும்னுதான் நினைச்சேன்."

காலையிலிருந்து டீசல், டீசல் என்று கெட்டில் வைத்த மனுஷர். ஆர்டித் அவரைப் பார்த்தார், பையைப் பார்த்தார். வாயைத் திறந்தார். என்ன வரப்போகிறதோ என்று நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன்.

"ரொட்டியையும் உள்ளேயே வெச்சிருந்தீங்கன்னா மத்தியானச் சாப்பாட்டு நேரம் மிச்சமாயிருக்கும் எமில்."

டெல்பர்ட் முதுகைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். எமிலால் சிரிக்க முடியவில்லை.

உடனே கிளப்பவும் முடியவில்லை. குழாய்க்குள் ஈத்தர் தங்கியிருந்தது. அது ஆவியாகிப் போக விடவேண்டும். பத்து நிமிடம். அன்றைய பொழுதிலேயே நீளமானது அந்தப் பத்து நிமிடம்தான். ஆர்டித் குழாயின் வாயில் தொப்பியால் விசிறிக்கொண்டு நின்றார். மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது சாவியைத் தானே திருப்பினார். தகர மூடி ஒரு தடவை டக்கென்றது. பிறகு படபடவென்று அடித்துக்கொண்டு முழுக்கத் திறந்து, காலையிலிருந்து விழுங்கிய டீசலையெல்லாம் ஒரே கறுப்பு மேகமாக எங்கள் மூன்று பேர் மீதும் துப்பியது.

"ஏறுங்க தம்பி! கதவைப் பிடிச்சுக்கிட்டே வாங்க, அது சரியா மூடாது."

சரளைச் சாலை மத்தியான வெயிலில் இளகிச் சேறாகியிருந்தது. எட்டு டன் பாரத்தோடு நாற்பதுக்கு மேல் போக முடியவில்லை. பின்னால் டெல்பர்ட், விளக்குகளைச் சிமிட்டவிட்டு எங்கள் வேகத்திலேயே வந்தார்.

"வழியில நின்னா இழுக்கறதுக்கு வரானா, இல்ல நிக்கறதைப் பாக்க வரானா?" என்றார் ஆர்டித், கண்ணாடியைப் பார்த்து.

எனக்குத் தெரியவில்லை என்றேன்.

"அவனுக்கே தெரியாது."

தார்ச் சாலைக்கு வந்தபோது மூன்று நாற்பது. ஆலையின் வாசலில் நுழைந்தபோது ஐந்து நிமிடம் பாக்கி. பெவ் அடுத்த லாரிக்குக் கையசைத்துக்கொண்டிருந்தார். ஆர்டித் ஹார்னை அழுத்தினார். ஹார்ன் வேலை செய்யவில்லை. கண்ணாடியை இறக்கிக் கத்தினார். பேருந்து ஓட்டிய தொண்டை. பெவ் கையை இறக்கினார்.

எடை மேடையில் என்ஜினை அணைக்கச் சொன்னார்கள். ஆர்டித் மாட்டேன் என்றார். அது விதி என்றார்கள். "இதை அணைச்சா நாளைக்கு வர்ற பாரத் தடை முடியற வரைக்கும் உங்க மேடையிலயேதான் நிக்கும். பரவாயில்லையா?" என்றார். அணைக்காமலே எடை போட்டார்கள்.

பட்டாணி குழிக்குள் கொட்டி முடியும் வரைக்கும் டெல்பர்ட் தன் வண்டியைவிட்டு இறங்கவில்லை. முடிந்ததும் வந்து, லாரியின் பின் கதவைத் தானே தூக்கிக் கொக்கியை மாட்டினார்.

"சுத்தமானதைத் தடைக்குள்ள எப்படித் திரும்பக் கொண்டு போவே? முழு பாரம் ஏத்த முடியாதே."

"பாதிப் பாதியா. ரெண்டு நடை. முடியலேன்னா மூணு."

"வரட்டுமா?"

"நீ வந்தா நானே வெதைச்ச கணக்குல சேராது, தெரியுமில்ல?"

டெல்பர்ட் தலையை ஆட்டினார். "கிறிஸ்துமஸ்ல நீ ஏன் வாயைத் திறந்தே, நான் ஏன் கரண்டியை வெச்சேன்..." என்று முனகிக்கொண்டே போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை முதல் நடைக்குக் கிளம்ப வேண்டும். ஏழு மணிக்கு அவர் கத்துவது என் வீட்டுக்குக் கேட்டது. மறுபடி கிளம்பவில்லையோ என்று கோட்டைக்கூடப் போடாமல் ஓடினேன். ஆர்டித் டிரைவர் இருக்கையில் ஒரு அட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஸ்டியரிங்கில் நூலால் கட்டியிருந்ததாம். எமிலின் பெரிய பெரிய எழுத்து:

"ஞாயிறு ராத்திரி பனி வரும்னு சொன்னாங்க. காத்துக் குழாயில ஒரு பை, சைலன்சர்ல ஒரு பை. மொத்தம் ரெண்டு. எடுத்துட்டுக் கிளப்பவும். எமில்."

"இந்த மனுஷனை நான் என்ன பண்றது தம்பி? சொல்லுங்க, என்ன பண்றது?"

அவருடைய முழங்காலை நினைத்து, பம்பரில் ஏறி இரண்டு பையையும் நானே பிடுங்கினேன். ஆர்டித் எண்ணினார். ஒன்று. இரண்டு. பிறகு சந்தேகம் தீராமல், தானும் பம்பரில் ஏறிக் குழாயின் வாயில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, சாவியைத் திருப்பினார். தகர மூடி டக்டக்கென்று ஆடியது.